பினாங்கில் குடியேறுவது எப்படி: நாடு சுற்றி வந்தவர்களுக்கு ஒரு செய்முறை

தாய்லாந்தில் ஒரு மாதம், வியட்நாமில் இரண்டு மாதம், கம்போடியாவில் மூன்று வாரம் என்று முதுகுப் பையோடு திரிந்துவிட்டு மலேசியாவின் பினாங்கில் வந்து இறங்கினேன். மூன்றாம் நாளே, இனி இந்த ஊர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த நாளே வீடு பார்க்கக் கிளம்பியதுதான் தப்பு. வரிசை மாறினால் காசும் போகும், தூக்கமும் போகும். என் வரிசையை விட்டுவிட்டு இதைப் பிடியுங்கள்.

முதல் படி: பாஸ் (தங்கும் அனுமதி)

இப்போதைக்கு இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 30 நாள் விடுகிறார்கள். வந்து இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் எம்டிஏசி என்ற வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

ஆனால் அந்த 30 நாளை நம்பி யாரும் ஒரு வருட வாடகை ஒப்பந்தம் போட மாட்டார்கள். மடிக்கணினியில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால் டிஇ ரந்தாவ் பாஸுக்கு விண்ணப்பியுங்கள். 2022-இல் தொடங்கியது. 3 முதல் 12 மாதம் வரை தருவார்கள், இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம். கணினித் துறைக்காரர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் வருமானம் காட்ட வேண்டும். மற்ற துறையினருக்கு 60,000. வங்கி அறிக்கைகளை ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹனோயில் ஒரு விடுதியின் வைஃபையில் நான் அவற்றைத் தரவிறக்கிய கதை வேண்டாம்.

இரண்டாம் படி: சில்லறை வேலைகள்

பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு ப்ரீபெய்ட் சிம். பிளக் இங்கே மூன்று செவ்வக முனை. நம் ஊர் உருண்டை முனை நுழையாது. அப்புறம், பணம் போட்டு வைத்துப் பேருந்தில் தட்டிக் கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டை ஒன்று. ரேபிட் பினாங்கு பேருந்தில் நோட்டை நீட்டினால் ஓட்டுநர் மீதி தர மாட்டார்.

மூன்றாம் படி: இரண்டு வாரம் சும்மா இருங்கள்

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் வாடகை அறை ஒன்றில் தங்குங்கள். 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கும் லிட்டில் இந்தியா பக்கம் என்றால் சாப்பாட்டுக் கவலை இல்லை. மாலை 6 மணிக்கு, நீங்கள் குடிபோக நினைக்கும் பகுதிக்குப் பேருந்தில் போய் வாருங்கள். பகலில் இருபது நிமிடமாகத் தெரிந்த வழி அப்போது எவ்வளவு ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காதையும் பழக்க வேண்டும். முதல் வாரம் ஒரு கடைக்கார அக்கா "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லக்கா, பசியே இல்லை" என்றேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் கேட்டிருக்கிறார்! மலேசியப் பணமான ரிங்கிட்டுக்கு இங்கே தமிழர் பேச்சில் வெள்ளி என்று பெயர். டீயில் சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் "குராங் மானிஸ்" என்று சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் பாயசம்தான்.

நான்காம் படி: வீடு

கையில் எவ்வளவு வேண்டும்? வழக்கம் இதுதான்: இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத முன்பணம், முதல் மாத வாடகை. 1,200 வெள்ளி வாடகை என்றால் சாவி வாங்கும் நாளில் 4,200 வெள்ளி. வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் "புக்கிங்" என்று யார் கேட்டாலும் ஒரு சென் கூட அனுப்பாதீர்கள்.

மழை பெய்யும்போது போய்ப் பார்ப்பது நல்லது. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். ஏர்கானைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள், சொட்டுகிறதா என்று தெரியும். துணி அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள். ஏஜெண்ட் சிரிப்பார், சிரிக்கட்டும். பூஞ்சை வாடை அடித்தால் இந்த ஊர் ஈரத்தில் உங்கள் சட்டைக்கும் அதே கதிதான்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம். பாஸ் ரத்தானால் இரண்டு மாத அறிவிப்பில் காலி செய்யலாம் என்ற வரி இருக்க வேண்டும். முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். கட்டாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது.

சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, மீட்டர் எண்கள் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பவில்லை. எனக்கு முன்னாலேயே இருந்த ஒரு எண்ணெய்க் கறைக்காக என் முதல் வீட்டுக்காரர் 350 வெள்ளி பிடித்துக்கொண்டார். வாதாட என்னிடம் ஒரு படம் கூட இல்லை.

ஐந்தாம் படி: வங்கி, அரிசி

பாஸ், ஒப்பந்தம் இரண்டையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். கிளைக்குக் கிளை கேட்கும் காகிதம் மாறும், ஒன்றில் முடியாது என்றால் அடுத்ததில் கேளுங்கள்.

பிறகு லிட்டில் இந்தியாவின் லெபோ பாசார் தெருவில் ஐந்து கிலோ பொன்னி அரிசி வாங்குங்கள். ஊர் சுற்றிய நாளெல்லாம் கால் கிலோவுக்கு மேல் எதையும் வாங்கியிருக்க மாட்டீர்கள். மூட்டையைப் பேருந்தில் தூக்கிச் செல்வதென்றால் பேருந்துகள் கிளம்பும் வெல்ட் கீ ஜெட்டி முனையத்தில் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும்.