துவண்ட லேஸ் கம்மல்

ஷட்டில் என்கிற சின்ன நூல்கருவியில் டாட்டிங் (முடிச்சு முடிச்சாகப் போடும் லேஸ் பின்னல்) போட்டு, மணி கோத்துப் பின்னிய கம்மல். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் போனேன். பந்தி முடிவதற்குள் வாடின வெற்றிலை மாதிரி துவண்டுவிட்டது. வளையங்கள் இறுக்கமாக நின்றன, அவற்றை இணைக்கும் வளைவான செயின் பகுதிதான் மணி பாரத்தில் தொங்கியது.

மதினியின் யோசனை சோற்றுக் கஞ்சி. விறைக்கத்தான் செய்தது, ஆனால் நம்ம ஊர் வேர்வைக்கு நிற்கவில்லை, எறும்பு வேறு.

அப்புறம் ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்தேன். தெர்மாகோலில் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஒவ்வொரு பிக்காட்டையும் (ஓரத்தில் நீட்டி நிற்கும் குட்டி நூல் கண்ணி) குண்டூசியால் இழுத்துக் குத்தி, பின்பக்கம் மட்டும் பிரஷ்ஷால் தடவினேன். ஊசி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். வெள்ளை நூலில் துருக்கறை லேசில் போகாது. மணியில் பட்ட பசையைக் காயுமுன் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மினுக்கு மங்கும். ராத்திரி காயவிட்டுக் காலையில் கொக்கி மாட்டினேன். குளிக்கும்போது மட்டும் கழற்றிவிடுகிறேன்.