சென்னையில் நண்பர்களோடு வெளியே சாப்பிடப் போவது எப்படி: நம்ம கடற்கரைப் பையன்களுக்கு

ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகள் கரையோடு கட்டப்பட்டுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை சரிபார்ப்பது, இன்ஜின் பிரிப்பது என்று முதல் இரண்டு வாரம் ஓடும். அப்புறம் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பையன்களுக்கு இருப்புக் கொள்ளாது. சென்னையில் வேலை பார்க்கும் கூட்டாளிகளைப் பார்க்க ரயில் ஏறிவிடுவார்கள்.

இந்த முறை என் தங்கை மகன் கிளம்புகிறான். வயது 22. "மாமா, அங்க ஏசி ஓட்டல்ல உட்கார்ந்து சாப்பிடணும், கொஞ்சம் குடிக்கணும்னா என்னென்ன செய்யணும்? ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றான். வாயால் சொன்னால் பரமக்குடி தாண்டுவதற்குள் மறந்துவிடுவான். நான் ஏழு வருஷம் சென்னையில் இருந்து அடிபட்டுக் கற்றதை எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. ஆள் கணக்கு, பணக் கணக்கு

இது ஊரிலேயே முடிய வேண்டிய வேலை. எத்தனை பேர், அதில் யார் குடிப்பார்கள், யார் குடிக்க மாட்டார்கள், தலைக்கு அதிகபட்சம் எவ்வளவு. இந்த மூன்றையும் வாட்ஸ்அப் குரூப்பில் எழுத்தில் போட்டுவிடுங்கள். "பாத்துக்கலாம் மாப்ள" என்று எவனாவது சொன்னால், பில் வரும்போது கழிவறைக்குப் போகிறவன் அவன்தான்.

நம் பக்கத்துக் கூட்டாளிகள் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். ஒருவன் கீழக்கரை, குடிக்க மாட்டான், கறி ஹலாலா என்றும் கேட்பான். ஒருவன் மாலை போட்டிருப்பான். இன்னொருவனுக்குத் தவக்காலம். ஹலால் விஷயத்தை முன்கூட்டியே ஓட்டலுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். மேஜையில் எல்லோர் முன்னாலும் அவனே கேட்கும்படி விடாதீர்கள். குடிக்காதவனிடம் காரணம் கேட்கவே கூடாது. "ஒரு நாளைக்குக் குடிச்சா என்னடா" என்பவனைப் பக்கத்தில் உட்காருகிறவன்தான் அடக்க வேண்டும்.

21 வயது ஆகாதவனுக்குத் தமிழ்நாட்டில் மது விற்கக் கூடாது. தோற்றத்தில் சின்னப் பையனாக இருப்பவன் ஆதார் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ எடுத்துக்கொள்ளட்டும்.

2. நாள் பார்ப்பது

சனிக்கிழமை ராத்திரி வேண்டாம். மேஜைக்கே முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், உட்கார்ந்தாலும் பேசுவது காதில் விழாது. செவ்வாய், புதன் நல்லது.

மதுவிலக்கு நாட்களையும் பாருங்கள். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி ஆகிய எட்டு நாளும் கடைகள் மூடியிருக்கும். தேர்தல் வந்தால் அதுவும் சேரும். தடைக்காலத்தில் போகிறவர்கள் மே 1-ல் போய் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது, அன்று கூட்டாளிகளுக்கும் லீவுதானே என்று கிளம்பிவிடுகிறார்கள்.

3. இடம் பார்ப்பது

டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரும் ஓட்டல் பாரும் வேறு வேறு. முதலாவதில் கடையில் பாட்டில் வாங்கி, பாரில் உட்கார்ந்து குடிக்கிறோம். செலவு குறைவு, ஆனால் கால் வைக்கிற இடம் பார்த்து வைக்க வேண்டும். மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10-க்கு மூடிவிடுவார்கள். ஓட்டல் பாரில் அளந்து ஊற்றுவார்கள், விலை பல மடங்கு, நேரமும் இடத்துக்கு இடம் மாறும். உட்கார்ந்து பேசத்தான் போகிறோம் என்றால் இரண்டாவதே சரி. கிளம்புமுன் போன் செய்து, பையன்கள் மட்டும் வந்தால் உள்ளே விடுவார்களா, செருப்போடும் அரைக்கால் சட்டையோடும் வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் மூடிய ஷூ இல்லாவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். நம்ம ஊர் ரப்பர் செருப்புக்கு அங்கே மரியாதை இல்லை.

எழும்பூர், நுங்கம்பாக்கம், தியாகராய நகர் பக்கம் பார்த்தால் மெட்ரோவிலோ மின்சார ரயிலிலோ திரும்பிவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி திரும்பும் ஆட்டோக்காரர் கேட்கிற தொகையில் இன்னொரு சாப்பாடு சாப்பிடலாம். போதாதற்குக் கடல் பார்க்க நாம் சென்னை போக வேண்டுமா?

4. முதலில் வயிறு

வெறும் வயிற்றில் குடித்தால் சீக்கிரம் ஏறும். மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது கீழே இறங்குவது தாமதமாகும். ஆகவே சாயங்காலமே எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

என் யோசனை, கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிடுங்கள். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் கையால் பிசைந்து கொடுப்பார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. ராமநாதபுரம் சீமையிலிருந்து ரங்கூன் போன குடும்பங்கள் கொஞ்சமா நஞ்சமா? உங்கள் வீட்டிலும் யாராவது போயிருப்பார்கள், பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

5. உட்கார்ந்து ஆர்டர் செய்வது

தண்ணீர் என்றதும் பாட்டிலைத் திறக்க வருவார்கள். "சாதா தண்ணி போதும்ணா" என்று சொல்லிவிடுங்கள். பாட்டில் தண்ணீரை ஓட்டலில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. ஆக அப்புறம் சண்டை போட்டுப் பலனில்லை.

மெனு கார்டு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். கூச்சப்படாமல் "இதுல என்ன இருக்குணா, எத்தனை பேர் சாப்பிடலாம்?" என்று பரிமாறுகிறவரையே கேளுங்கள். ஐந்து பேருக்கு முதலில் இரண்டு சைடு டிஷ் போதும். தீர்ந்தால் மறுபடி சொல்லலாம், மேஜை நிறைய வாங்கி ஆற வைப்பதில் லாபமில்லை. கையைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவனைக் கூட்டிப் போகவே போகாதீர்கள்.

மீன் மட்டும் வாங்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். ராமேசுவரத்தில் விசைப்படகு வந்த காலையில் துடிக்கிற நண்டும் கணவாயும் பார்த்து வளர்ந்தவன், மே மாதம் சென்னையில் ஐஸ் பெட்டியிலிருந்து வந்த மீன் துண்டுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு முகம் சுளிப்பதில் அர்த்தமே இல்லை. ஊரில் கிடைக்காததைச் சாப்பிடுங்கள். சிக்கன் 65 பிடிக்கும் என்றால், 1951-ல் தொடங்கிய அண்ணா சாலை புகாரி ஓட்டலுக்கு ஒரு மதியம் போகலாம். அந்தப் பண்டம் அங்கேதான் 1965-ல் பிறந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். வேறு கதை சொல்கிறவர்களும் உண்டு.

6. அளவு

ஊரில் குவார்ட்டர், கட்டிங் என்றுதான் கேட்டிருப்பீர்கள். குவார்ட்டர் 180 மில்லி. ஓட்டல் பாரில் ஸ்மால் என்றால் 30 மில்லி, லார்ஜ் என்றால் 60. ஆக ஒரு குவார்ட்டர் ஆறு ஸ்மால். அளவுக்குவளையில் கண்ணெதிரே ஊற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, அதில் தப்பில்லை.

எல்லோரும் ஏமாறுவது பீரில்தான். "நான் வெறும் பீர்தான்" என்பான். பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், அதனால் ஒரு ஸ்மாலில் சுமார் 10 கிராம். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 25 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம், நாலு ஸ்மாலுக்குச் சமம். இரண்டு ஸ்ட்ராங் குடித்தவன் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டான். அவனுக்கே தெரியாது.

உடம்பு ஒரு ஸ்மாலைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். மோர், எலுமிச்சை, காபி, குளிர்ந்த தண்ணீரில் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. ஒரு கிளாஸுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். குடிக்காதவனுக்கு லெமன் சோடா முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தால், "உனக்கு என்னடா" என்ற கேள்வி சுற்றிச் சுற்றி வரும்.

7. பில்

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான் சென்னை போன புதிதில் ஐந்து பேர் நுங்கம்பாக்கம் பக்கம் ஓர் இடத்துக்குப் போனோம். பில்லில் சேவைக் கட்டணம் 10 சதவீதம் இருந்தது. எங்களுக்கு அது வரி என்று நினைப்பு. மொத்தத்தை ஐந்தால் வகுத்தோம். கூட இருந்த கீழக்கரைக்காரன் ஒரு லெமன் சோடாவும் பிரியாணியும் மட்டும் சாப்பிட்டவன், ஒன்றும் பேசாமல் பங்கைக் கொடுத்தான். அடுத்த முறை கூப்பிட்டபோது "வேலை இருக்கு மச்சான்" என்றான். அதற்கடுத்த முறையும் வேலை இருந்தது. எனக்கு விளங்க ஒரு வருஷம் ஆனது.

நாட்டுப்படகில் பங்கு வைப்பதைப் பார்க்காதவரா நாம்? பிடித்த மீனை விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் கழிப்போம். மிச்சத்தில் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. ஊருக்கு ஊர் கணக்கு மாறும், ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தலையால் வகுக்கிற ஊர் கிடையாது. அதே கணக்கை மேஜையிலும் போடுங்கள்.

முதலில் பில்லை வரி வரியாகப் படியுங்கள். சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பெரிய நட்சத்திர ஓட்டல் என்றால் 18. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரிதான். அதனால் மது தனி பில்லாகவோ தனிப் பகுதியாகவோ வரும், அதுவே நமக்கு வசதி. சேவைக் கட்டணம் என்று இருந்தால் அது வரியல்ல. நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்றது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. "இத எடுத்துடுங்கணா" என்று மெதுவாகச் சொன்னாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மாட்டேன் என்றால் 1915 எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

இப்போது பங்கு. ஐந்து பேர், மூவர் குடித்தார்கள் என்று வையுங்கள். சாப்பாடு 3,000, ஜிஎஸ்டி 150, ஆக 3,150. ஐந்தால் வகுத்தால் தலைக்கு 630. மது வரியோடு 2,400, மூன்றால் வகுத்தால் 800. குடித்தவன் 1,430, குடிக்காதவன் 630. மொத்தம் 5,550-ஐ ஐந்தால் வகுத்திருந்தால் ஆளுக்கு 1,110. அதாவது குடிக்காத இருவரும் ஆளுக்கு 480 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். ஒருவன் கார்டில் கட்டட்டும், மற்றவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்குமுன் ஜிபேயில் அனுப்பிவிட வேண்டும். வாசலுக்கு வந்துவிட்டால் அந்தப் பணம் கடலில் போட்ட மாதிரி.

நான் ஊருக்குத் திரும்பியபின் இப்படிக் கணக்குப் போட்டுப் பழைய பாக்கி என்று சொல்லி அந்தக் கீழக்கரைக்காரனுக்கு அனுப்பினேன். "இது எதுக்குடா?" என்று கேட்டான். சொன்னேன். சிரித்தான், ஆனால் பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை.

8. திரும்புவது

வண்டி எடுத்துப் போகாதீர்கள், அவ்வளவுதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மெட்ரோ ராத்திரி 11 மணி வாக்கில் முடியும். பத்தே காலுக்கு எழுந்தால் நிம்மதி. ஆட்டோவை ஆப்பில் பிடித்து, வண்டி எண்ணைக் குரூப்பில் போடுங்கள். அறைக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவனும் "வந்துட்டேன்" என்று ஒரு வரி போட வேண்டும். நினைவு தப்பி, எழுப்பினாலும் எழாமல் வாந்தி எடுக்கிறவனை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்து உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

குடித்த ராத்திரியே ஊருக்கு ரயில் ஏற வேண்டாம். ரயிலில் குடிபோதையில் கலாட்டா செய்தால் ரயில்வே சட்டம் 145-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. மறுநாள் ஏறுங்கள், எழும்பூரா தாம்பரமா என்று டிக்கெட்டை ஒரு முறை பாருங்கள். மண்டபத்தில் இறங்க வேண்டியவர்கள் ராமநாதபுரம் வருவதற்கு முன்னாலேயே போனில் அலாரம் வைத்துவிடுங்கள். தூங்கிவிட்டால் பாம்பன் புதுப் பாலத்தின் மேல்தான் கண் விழிப்பீர்கள். அப்புறம் ராமேசுவரத்தில் இறங்கி முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.