காகிதத்தில் ஒரு விண்கப்பல்: பசையைத் திறப்பதற்கு முன்

நான் முதலில் செய்த காகித விண்கப்பலின் மூக்கு நிற்கவே இல்லை. தாளை வெட்டிப் பசை தடவி, கூம்பாகச் சுருட்டி, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். விரலை எடுத்ததும் கூம்பு விரிந்து, ஒட்டிய இடத்தில் நசுங்கியது போல மடங்கிப் போனது. அதற்கப்புறம் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் செய்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்பப் புரிந்தது இதுதான்: பசை வடிவம் கொடுக்காது. கையை எடுத்தாலும் தாள் தானாக அந்த வடிவத்தில் இருக்க வேண்டும். அதைப் பிடித்து வைப்பது மட்டுமே பசையின் வேலை.

கப்பலின் பாகங்கள் வரைந்திருக்கும் வார்ப்புருவை அச்சிடுவதில் தொடங்கலாம். சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் இதற்குத் தாங்காது, தொய்ந்துவிடும். A4 அளவில் 160 முதல் 200 ஜிஎஸ்எம் வரை உள்ள தாள் எடுங்கள். அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் பாருங்கள். ஒருமுறை இறக்கைப் பக்கத்தை மட்டும் வேறொரு நாள் அச்சிட்டேன். பக்கத்துக்குள் அடங்கும்படி பிரின்டர் அதை 97 சதவீதமாகச் சுருக்கியிருந்தது. 90 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய விளிம்பு 87 ஆகிவிட, உடலோடு கடைசிவரை சேரவே இல்லை. இன்க்ஜெட் பிரின்டர் என்றால் ஓர் இரவு காயவிட்டு, மேலே மெல்லிய வார்னிஷ் ஸ்பிரே அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பசையின் ஈரம் பட்டு மை கலங்கும். எல்லாப் பக்கத்திலும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

வார்ப்புருவைச் சின்னதாக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். கப்பலைப் பாதியாகச் சுருக்கினாலும் தாளின் தடிமன் சுருங்காது. அப்போது 120 ஜிஎஸ்எம் போதும்.

இனி மடிப்பு. பாகத்தை வெட்டி எடுப்பதற்கு முன்பே மடிப்புக் கோடுகளைக் கீறிவிட வேண்டும், ஏனென்றால் முழுத் தாளாக இருக்கும்போதுதான் ஸ்கேல் நகராமல் உட்காரும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா இதற்கு அருமையான கருவி. ஸ்டீல் ஸ்கேலை வைத்து, தாள் கிழியாத அளவுக்கு ஒரே அழுத்தத்தில் இழுங்கள். வெளியே புடைக்கும் மடிப்பு எது, உள்ளே குழியும் மடிப்பு எது என்பதைக் கோட்டின் வகை சொல்லும். ஆனால் இடைவெளிக் கோடு ஒரு வார்ப்புருவில் ஒன்றைக் குறிக்கும், இன்னொன்றில் அதற்கு நேர்மாறாக இருக்கும். முதல் பக்கத்தின் விளக்கத்தைப் படிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

வெட்டும்போது நேர்க்கோட்டுக்கு ஸ்கேலும் கட்டரும், வளைவுக்குச் சின்னக் கத்தரிக்கோல். கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்பிக்கொண்டே போங்கள். வெட்டியவுடன் பின்பக்கத்தில் பாகத்தின் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். எஞ்சின் வளையங்கள் நான்கும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றாக இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வளைப்பது. எஞ்சின் குழலை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையாக இருக்கும்போது அது விசிறி போல வளைந்த ஒரு துண்டு. அதை முகம் கீழே இருக்கும்படி உள்ளங்கையிலோ மெத்தென்ற துணியிலோ வைத்து, ஸ்வெட்டர் பின்னும் ஊசியை மேலே அழுத்தி உருட்டுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். உருளைக்கு ஊசியை ஒரே திசையில் வைத்து உருட்டலாம், கூம்புக்கு அது சரிவராது. ஊசியின் ஒரு முனை எப்போதும் விசிறியின் மையப் புள்ளியைப் பார்த்தபடியே திரும்ப வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் குழல் முறுக்கிக்கொண்டு, விளிம்பின் இரண்டு முனையும் ஏறுக்குமாறாக நிற்கும். நான்கைந்து முறை மெதுவாக உருட்டினால், தாள் தானாகச் சுருண்டு இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொடும். தொட்டதா? சரி, இப்போது பசையைத் திறக்கலாம்.

தாளுக்கு இழையோட்டம் உண்டு. ஒரு பக்கமாக எளிதாக வளையும், இன்னொரு பக்கமாக முரண்டு பிடித்து நடுவில் உடையும். முரண்டு பிடிக்கும் பாகத்தில் தடித்த ஊசியில் தொடங்கி, படிப்படியாக மெல்லிய ஊசிக்குப் போங்கள்.

பசைக்கு முன்னால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. வெட்டிய ஓரங்களில் தாளின் வெள்ளை தெரியும். சாம்பல் நிறக் கப்பலில் அந்த வெள்ளைக் கோடுகள்தான் முதலில் கண்ணில் படும். அதே நிறக் கலர் பென்சிலைப் பின்பக்கமிருந்து சாய்த்து ஓரத்தில் தேயுங்கள். மார்க்கர் வேண்டாம், அதன் மை முகப்புக்கு ஊறிவிடும்.

மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி, சில நிமிடம் கெட்டியாக விட்டு, பல்குச்சியால் மெல்லிசாகத் தடவுங்கள். பசை பிதுங்கி வெளியே வந்தால் அதிகம் என்று அர்த்தம்.

உருளைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நாக்கை, அதாவது பசை தடவ விட்டிருக்கும் ஓரத் துண்டை, நான் வெட்டிவிடுவேன். அதற்குப் பதில் உள்ளே ஒரு பட்டையை ஒட்டி, இரண்டு ஓரத்தையும் முட்டுக்கு முட்டு சேர்ப்பேன். வெளியே மேடு தெரியாது. உள்ளே தாங்கும் வட்டங்களை 1 மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டி வெட்டுங்கள். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்கு 94.2 மில்லிமீட்டர் நீளத் தாள் வேண்டும். ஆனால் தாளுக்கும் தடிமன் இருப்பதால் உள்விட்டம் 30-ஐவிடச் சற்றுக் குறையும். அதனால் வட்டத்தை உப்புத்தாளில் கொஞ்சம் தேய்த்து, பசையில்லாமல் போட்டுப் பாருங்கள். தள்ளாமல் நுழைந்து, குலுக்கினாலும் விழாமல் நிற்க வேண்டும்.

கப்பலின் நடு உடலை முதலில் முடித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் போங்கள். பெட்டி போன்ற பாகத்தில் கடைசிப் பக்கத்தை மூடிவிட்டால் உள்ளே விரல் போகாது. அதனால் யாரும் பார்க்காத அடிப்பக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். தாங்கியில் நிறுத்தும் எண்ணம் இருந்தால், கம்பி நுழையும் துளையையும் அதைப் பிடிக்கும் அட்டைத் துண்டுகளையும் மூடுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். நான் மறந்த இரண்டு கப்பல்களும் இப்போது நூலில் தொங்குகின்றன.

ஆன்டெனாக்களை எல்லாம் முடிந்த பிறகே ஒட்டுங்கள், நடுவில் ஒட்டினால் கை பட்டு உடையும். சுருட்டிய காகிதம் அவ்வளவு மெல்லிசாக நிற்காது. துடைப்பக் குச்சியைச் சீவி அதே நிறத்தில் பூசுங்கள்.