வீடியோவைச் சிறிதாக்கினால் முகம் ஏன் நசுங்குகிறது?

பழைய குடும்ப வீடியோவைக் கணினியில் ஏற்றி, அளவைக் குறைத்துச் சேமித்துப் பார்த்தால், படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் திடீரென இளைத்திருப்பார்கள். சில சமயம் பருத்திருப்பார்கள். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. கோப்பில் உள்ள பிக்சல் எண்ணிக்கையையே படத்தின் வடிவம் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறையில் அமைந்த டிவிடியின் அளவு 720×576 பிக்சல். அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.25 வரும். ஆனால் 4:3 திரைக்கு 1.33 வேண்டும், 16:9 திரைக்கு 1.78 வேண்டும். இந்த இரண்டு வகைப் படங்களுமே அதே 720×576-க்குள்தான் பதிவாகின்றன. அங்கே பிக்சல்கள் சதுரமாக இருப்பதில்லை. எவ்வளவு விரித்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு கோப்பிலேயே தனியாக இருக்கும். அதைக் கவனிக்காமல் 360×288 என்று சரிபாதியாக்கினால் கணக்கு சரி, முகம் தவறு. ‘விகிதத்தைப் பூட்டு’ என்ற தெரிவும் பல மென்பொருள்களில் பிக்சல் எண்ணிக்கையின் விகிதத்தைத்தான் பூட்டுகிறது. அதை நம்பிவிட வேண்டாம்.

உயரத்தை முடிவு செய்து, அதைக் காட்சி விகிதத்தால், அதாவது திரையில் தெரிய வேண்டிய அகல-உயர விகிதத்தால் பெருக்குங்கள். 576 உயரத்துக்கு 4:3 என்றால் அகலம் 768, 16:9 என்றால் 1024. என்டிஎஸ்சி (NTSC) என்ற மற்றொரு தொலைக்காட்சி முறையின் 480 உயரத்துக்கு 640 அல்லது 854. இன்னும் துல்லியம் தேவைப்படுவோருக்கு ஒரு நுணுக்கம் உண்டு: தொலைக்காட்சித் தரத்தில் 4:3 படம் 720-க்குள் ஏறத்தாழ 704 பிக்சலில்தான் அடங்குகிறது. பக்கத்துக்கு 8 பிக்சலை வெட்டிவிட்டு 768×576 ஆக்குவதே முறை. எல்லா டிவிடிகளும் இதைப் பின்பற்றுவதில்லை. வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ஆனாலும் ஆவணமாகப் பாதுகாப்பவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டும் என்பேன்.

படத்தின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகளை வெட்டிய பிறகு பழைய விகிதத்தையே பிடித்துக்கொண்டிருப்பது அடுத்த தவறு. 1920×1080 படத்தின் பட்டைகளை நீக்கினால் 1920×800 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 1280×720 ஆக்கினால் ஆட்கள் நெட்டையாகிவிடுவார்கள். 1280 அகலத்துக்கு உயரம் 533.3 வரும், 534 என்று இரட்டை எண்ணாக்குங்கள். நிறத் தகவல் பொதுவாக இரண்டிரண்டு பிக்சலுக்கு ஒன்றாகச் சேமிக்கப்படுவதால் ஒற்றை எண் சிக்கல் தரும். 16-இன் மடங்காக இருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரைக்காக விகிதத்தை வளைக்காதீர்கள். எச்.264 என்ற வீடியோ சுருக்க முறை 1080 வரிகளை 1088 ஆகக் குறியாக்கி, மிகுதி எட்டை மறைத்துவிடுகிறது.

4:3 படத்தை அகலத் திரை முழுவதும் இழுத்து நிரப்புவதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. 1920×1080 சட்டத்தில் 1440×1080 படத்தை நடுவில் வைத்தால் இருபுறமும் 240 பிக்சல் கறுப்பு இருக்கும். இருக்கட்டும், முகம் முகமாக இருப்பதே முக்கியம்.

எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மாற்று மென்பொருளைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. அதில் அளவை மாற்றும் ஸ்கேல் வடிகட்டி நீங்கள் தந்த அளவுக்கு மாற்றிவிட்டு, பழைய காட்சி விகிதம் மாறாதபடி பிக்சல் விகிதக் குறிப்பையும் திருத்திவிடும். அந்தக் குறிப்பைப் படிக்கும் பிளேயரில் படம் சரியாகவும், படிக்காத பிளேயரில் கோணலாகவும் தெரிவது இதனால்தான். சதுர பிக்சலுக்கான அளவை நீங்களே கணக்கிட்டுக் கொடுத்து, இறுதியில் பிக்சல் விகிதத்தை 1 என்று அமையுங்கள்.

சேமித்த பின் கண்ணை மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள். கேமராவை நேராகப் பார்க்கும் சக்கரமோ கடிகாரமோ வரும் இடத்தில் நிறுத்தி, திரையைப் படமெடுத்து, அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் எண்ணுங்கள். உயரம் 100-க்கு அகலம் சுமார் 94 வந்தால், பால் முறை 4:3 படத்தைச் சதுர பிக்சலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சுமார் 70 வந்தால் அது 16:9 படம்.