நூல் கட்டிய மாத்திரை: உணவுக்குழாய்ப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சோறு நெஞ்சுக்குள் நின்றுவிடுகிறது, தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது என்பவர் நூல் கட்டிய மாத்திரையை விழுங்கவைத்து உணவுக்குழாய்ச் செல்களை எடுக்கும் பஞ்சுப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்த வாந்தி, கறுத்த மலம் எது இருந்தாலும் கேமராக் குழாயை வாய் வழியே விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு நேரே போக வேண்டியதுதான். பஞ்சுக்காகக் காத்திருப்பதைவிட ஆபத்தான தவறு வேறில்லை. அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரெபெக்கா ஃபிட்ஸ்ஜெரால்டு குழுவினர் உருவாக்கிய சைட்டோஸ்பாஞ்ச், நூல் கட்டிய ஒரு மாத்திரை. தண்ணீரோடு விழுங்கிவிட்டுச் சில நிமிடங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். வயிற்றில் மேலுறை கரைந்ததும், உள்ளே அமுங்கிக் கிடந்த பஞ்சு 3 சென்டிமீட்டர் அளவுக்கு விரியும். செவிலியர் நூலை இழுக்க, அது உணவுக்குழாயின் உட்சுவரை உரசிச் செல்களை அள்ளிக்கொண்டு வெளியே வரும். மயக்க மருந்து தேவையில்லை.

அந்தச் செல்களில் முதலில் தேடுவது டிஎஃப்எஃப்3 என்ற புரதத்தை. நாள்பட்ட அமில எதிர்க்களிப்பால் உட்சுவர் குடல்சுவரைப் போல மாறிவிடும், சிலருக்குப் பின்னாளில் புற்றாகக்கூடிய 'பாரெட்' நிலைக்கு அது அடையாளம். ஆகவே 'பாசிட்டிவ்' என்றதும் புற்றுநோய் என்று இடிந்துபோகாதீர்கள். இந்தப் பஞ்சைச் சோதித்து, 2020-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான பெஸ்ட்3 ஆய்வில், பாசிட்டிவ் வந்து எண்டோஸ்கோபி செய்துகொண்ட 221 பேரில் 131 பேருக்கே பாரெட் அல்லது புற்றுநோய் இருந்தது. பாரெட் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. அதற்காக, அடுத்த எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடவும் கூடாது. உறுதிசெய்வது அதுதான்.

'நெகட்டிவ்' வந்ததும் அறிக்கையை மடித்து வைத்துவிடுவதும் தவறு. மாதிரியில் இரைப்பைச் செல்கள் இருந்தனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் பஞ்சு வயிறுவரை போய்ச் சேர்ந்ததா என்றே உறுதியில்லை. பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

நம் வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்று பெரும்பாலும் உட்சுவரின் தட்டையான செல்களில் தோன்றும் செதிள்செல் வகை. புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றோடு தொடர்புடையது, பாரெட்டிலிருந்து கிளம்புவதல்ல. டிஎஃப்எஃப்3 சோதனை அதைத் தேடுவதற்காக உருவானதே அல்ல. வெற்றிலையோடு புகையிலை போடுபவர் நெகட்டிவ் முடிவை நம்பி நிம்மதியாக இருந்துவிட்டால் என்று நினைத்தாலே கவலையாக இருக்கிறது.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பஞ்சு உரசுவதால் லேசான கசிவு வரலாம்.

அமிலம் குறைக்கும் மாத்திரையால் நெஞ்செரிச்சல் அடங்கியிருக்கிறது, நமக்கெதற்குச் சோதனை என்பதும் சரியல்ல. பெஸ்ட்3 ஆய்வுக்கு அழைக்கப்பட்டதே 50 வயதைத் தொட்ட, ஆறு மாதத்துக்கு மேல் அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டுவந்தவர்களைத்தான். எத்தனை ஆண்டுகளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்துக்கடையில் நீங்களே வாங்கியதையும் சேர்த்து.