முதுகைக் குளிரவைத்த தொங்குதூளி

ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் கூடாரத்துக்குப் பதிலாக, இரு மரங்களுக்கிடையே கட்டும் தொங்குதூளியில் (hammock) உறங்கிய முதல் இரவில், வில்லாய் வளைந்த முதுகும் அடியிலிருந்து ஏறிய குளிரும் என்னை விடியும்வரை உறங்க விடவில்லை. நான் வாங்கியிருந்தது 9 அடித் தூளி. பின்னர் 11 அடி நைலான் தூளியை வாங்கி, கயிறு ஏறத்தாழ 30 பாகை சரிவில் அமையுமாறு தளர்வாகக் கட்டி, சற்றே குறுக்காகப் படுத்தபோது உடல் சமனாகக் கிடந்தது. இறுக்கிக் கட்டினால்தான் நேராகப் படுக்கலாம் என்று நான் எண்ணியிருந்தது முற்றிலும் தவறு. குளிருக்குக் காரணம், உறக்கப்பையின் அடிப்பகுதி உடல் எடையால் நசுங்கி, வெப்பத்தைக் காக்கும் காற்று அதில் தங்காமற்போவதே. ஆகவே தூளிக்கு வெளியே, அடிப்புறத்தில், நசுங்காதவாறு தடித்த பஞ்சுப் போர்வையொன்றைத் தொங்கவிட்டேன். மரப்பட்டை காயப்படாதிருக்க, மெல்லிய கயிற்றுக்குப் பதில் 2 அங்குல அகல நாடாவையே மரத்தில் சுற்றுகிறேன். அதுவும் மிளகுக்கொடி படராத சில்வர் ஓக் மரமாகத் தேடித்தான்.