பீச்சாங்கைப் பிள்ளையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

பெட்டியில் என்ன அடுக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பந்தியில் எப்படி உட்கார வேண்டும் என்பதுதான் நமக்குப் பாதி மறந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கோ யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை. நானும் சொல்லிக் கொடுக்காமல்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் ரயில். தை பிறக்கும் நேரத்தில் திருநெல்வேலிக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். கண் மூடித் திறப்பதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸ் காத்திருப்புப் பட்டியலுக்குப் போயிருக்கும். நாங்கள் இருக்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நவம்பரில் அது அதிகாலை மூன்றரை மணி. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தங்குமிடம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓட்டலில் அறை எடுத்தேன். அத்தை வீடு அம்பாசமுத்திரம் பக்கம், காரில் ஒரு மணி நேரம். போனில் அத்தை கேட்டாள்: "எத்தன நாள் இருப்பிய?" பன்னிரண்டு நாள் என்றேன். "நம்ம வீட்டுல எத்தன நாள்?" தினமும் வந்துவிட்டுப் போவோம் அத்தை, பிள்ளைக்கு ஏசி வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி" என்றாள். அந்தச் "சரி"யை நான் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

பந்திக்கு வருவோம். இலையின் நுனி நமக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் உப்பு முதலில் வரும். பெரியவர்கள் கை வைக்கும் முன் பிள்ளைகள் அப்பளத்தை நொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் "போதும்" யார் காதிலும் விழாது, மரியாதைக்குச் சொல்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். நிஜமாகவே போதும் என்றால் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி, உடம்பையும் கொஞ்சம் முன்னால் சாய்க்க வேண்டும். அப்போதும் ஒரு கரண்டி விழும். திருநெல்வேலிப் பொங்கல் என்றால் இடிசாம்பாரும் சிறுகிழங்குப் பொரியலும் கட்டாயம் இருக்கும். சிறுகிழங்கை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தத் தோலைத் தேய்த்து எடுப்பதற்குள் விரலெல்லாம் கறுத்துப்போகும், அதைச் செய்தவர் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். சாப்பிட்டதும் இலையைத் தன் பக்கமாக மூட வேண்டும். எதிர்ப்பக்கம் மூடுவது துக்க வீட்டில். இதில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும் என்பதால் பக்கத்து இலைக்காரர் செய்வதையே செய்துவிடுங்கள்.

இனி என் கதை. என் மகளுக்கு எட்டு வயது, இடக்கைக்காரி. ஜெர்மனியில் அது ஒரு விஷயமே இல்லை. பள்ளிக்கூடத்தில் இடக்கைப் பிள்ளைகளுக்கென்று தனிக் கத்தரிக்கோலே வைத்திருக்கிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பேர் அப்படிப் பிறக்கிறார்கள், ஊரிலும் பிறக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பந்தியில் ஒருவரையும் பார்க்க முடியாது. அத்தனை பேரையும் சின்ன வயதிலேயே தட்டித் தட்டி மாற்றிவிடுகிறோம்.

அத்தை சோற்றோடு குனிந்தபோதுதான் கவனித்தாள். "சோத்தாங்கையால சாப்பிடு கண்ணு" என்று மெதுவாகத்தான் சொன்னாள். மகள் யோசித்துவிட்டு, "சோறு சாப்பிடற கைதானே சோத்தாங்கை? அப்போ எனக்கு இதுதான் சோத்தாங்கை" என்றாள். பந்தியில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே குறைவு.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பில்லை. எச்சில் பார்ப்பதன் அடிப்படையே சாப்பிடுகிற கை பொதுப் பாத்திரத்தில் படக்கூடாது என்பதுதான். நாமெல்லாம் வலது கையால் சாப்பிட்டு இடது கையால் டம்ளரை எடுக்கிறோம். அவள் இடது கையால் சாப்பிட்டு வலது கையால் டம்ளரை எடுத்தாள். ஒரு கரண்டியைக்கூட எச்சில் பண்ணவில்லை. ஆனால் பீச்சாங்கை என்று பெயர் வைத்த பிறகு அதனிடம் எந்த நியாயமும் செல்லாது.

அத்தை சிரிக்கவில்லை. "பொங்கலும் அதுவுமா, நாலு பேரு பாக்காங்கல்லா" என்று சொல்லி, பிள்ளையின் இடது கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு, வலது கையில் ஒரு கவளத்தை உருட்டி வைத்தாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஆரம்பித்தேன். கையை மாற்றக்கூடாது என்று டாக்டரே சொல்கிறார் என்றேன். உலகம் எங்கேயோ போய்விட்டது என்றேன். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "இதுக்குத்தான் அத்தை, நாங்க ஊருக்கே வர்றதில்ல" என்றேன்.

அது பொய். இதற்காகவா நாங்கள் வராமல் இருந்தோம்? ஐந்து வருஷமாக லீவு இல்லை, டிக்கெட் விலை அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் இந்தப் பயணத்துக்கு முந்தின கோடையில்தான் இத்தாலி போய் வந்தோம். பந்தி முழுவதும் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஓட்டலுக்குக் கிளம்பும்போது அத்தானின் மனைவி, எனக்கு அக்கா முறை, வாசல் வரைக்கும் வந்தாள். "அத்தைக்கு இன்னும் பச்சத் தண்ணி பல்லுல படல" என்றாள். பரிமாறுகிறவர்கள் கடைசியில்தான் உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? எட்டாம் வகுப்பிலிருந்து அந்த வீட்டில் தங்கித்தான் படித்தேன். எழுந்திருக்கும் முன் "நீங்க சாப்பிட்டாச்சா அத்தை" என்று கேட்பது அந்த நாளில் தானாக வரும். இப்போது கை கழுவியதும் போனைத்தான் எடுக்கிறேன். நீங்களாவது கேளுங்கள். உட்காரவைத்து ஒரு கரண்டி நீங்களே போட முடிந்தால் இன்னும் நல்லது.

திரும்பப் போய்க் கதவைத் தட்டினேன். "தலவலிக்கு எய்யா, நீ கெளம்பு, பிள்ள தூங்குது பாரு" என்றாள்.

மறுநாள் மாட்டுப்பொங்கலுக்கு நாங்கள் போகவில்லை. எனக்கு முகம் இல்லை. கரிநாளன்று அக்கா போன் பண்ணிக் கூப்பிட்டாள், போனோம். பந்தி போட்டிருந்தது. மகளுக்கு மட்டும் வரிசையின் இடக்கோடியில், சுவரோரமாக இலை. முதலில் எனக்குச் சுருக்கென்றது, ஒதுக்கிவிட்டார்களோ என்று. கறி வந்த பிறகுதான் புரிந்தது. அந்தக் கோடியில் இருந்தால் அவள் முழங்கை யார் மேலும் இடிக்காது. டம்ளரும் வலப்பக்கம் இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இடக்கைப் பிள்ளை இருந்தால் அந்தக் கோடி இடத்தை நீங்களே முதலில் பிடித்துவிடுங்கள்.

கிளம்பும் அன்று அத்தை ஒரு பெரிய பாட்டில் நிறைய நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தாள். எண்ணெய் கசிந்து துணியெல்லாம் பாழாகுமே என்று கைப்பையில் வைத்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 100 மில்லிக்கு மேல் போனால் ஊறுகாயும் தண்ணீர்க் கணக்குத்தான். விமான நிலையத்தில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். இரண்டு முறை பாலிதீன் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வைத்திருக்க வேண்டும்.

வீடு வந்து சேர்ந்ததும் போன் பண்ணினேன். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று கேட்டாள். அப்புறம், "ஊறுகாய் எப்படி இருக்கு, உப்பு சரியா இருக்கா?" என்றாள்.

சரியாக இருக்கிறது அத்தை என்றேன்.